கோதுமை தெரியாமல் உள்ளே போய்விட்டால் சின்னக் குழந்தையிடம் எப்படித் தெரியும்? (சீலியாக்)

தாம்பரம் நித்யா:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 5 வயது, யூகேஜி. போன வருடம் சீலியாக் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) என்று உறுதியானது. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி இரண்டும் பார்த்துத்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் வருவதில்லை. எடை ஏறியது, வயிறு உப்பல் வடிந்தது, முகம் தெளிந்தது.

இப்போது கொஞ்ச நாளாக மறுபடியும் ஏதோ சரியில்லை. வாந்தி, பேதி கிடையாது. ஆனால் சாயங்காலம் ஆனால் சிடுசிடு, தொட்டதுக்கெல்லாம் அழுகை. ராத்திரி தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஸ்கூல் விட்டு வந்ததும் சோபாவில் குப்புறப் படுத்து, தலையணையை வயிற்றுக்கடியில் இழுத்து வைத்துக்கொள்கிறாள். வயிறு வலிக்குதா என்று கேட்டால் "இல்ல" என்பாள். வீட்டில் பெரியவர்கள் "ஸ்கூல் போற குழந்தைன்னா அப்படித்தான்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

குளூட்டன் உள்ளே போனால் இந்த வயதில் எப்படிக் காட்டும்? எவ்வளவு நேரத்தில் காட்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை மீனா:
நித்யா, சிடுசிடுப்பையும் தூக்கத்தையும் லேசா எடுத்துக்காதீங்க. எங்க பையனுக்கு அதுதானுங்க முதல் அடையாளம். சீலியாக்னாலே பேதின்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. இவனுக்குப் பேதியே வராது, நேர்மாறா மலம் இறுகிக்கும். இடுப்ப விட்டு எறங்க மாட்டான், தூக்கு தூக்குன்னு நிப்பான். டவுசர் எலாஸ்டிக் வயித்துல செவப்பா பதிஞ்சிருக்கும், காலைல லூசா இருந்த அதே டவுசர். ரெண்டு நாள் கழிச்சு உதட்டுக்கு உள்பக்கம் வெள்ளையா புண்ணு வரும்.

வாந்தி எடுத்தது ஒரு கல்யாணத்துலதான். சோறு, ரசம், தயிர் மட்டும் போட வெச்சோம், ரசத்தையும் சமையக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஊத்துனோம். பக்கத்து எலைக்கு சேமியா பாயசம் ஊத்தறப்ப கரண்டி வழிஞ்சு இவன் எலை ஓரத்துல ஓடிருச்சு. தயிர்சோத்தோட சேர்ந்து வழிச்சுத் தின்னுட்டான். திரும்பி வர்றப்ப கார்ல எடுத்தான், ரெண்டு ரெண்டரை மணி நேரம் இருக்கும். அப்புறம் அப்படியே தூங்கிப் போயிட்டான். அதனால எங்களுக்கு ரெண்டு விதமும் தெரியும். கொஞ்சமா போனா மூஞ்சியில தெரியும், நெறைய போனா வயித்துல தெரியும்.

உணவியல் சுதா:
நான் குழந்தைகள் உணவியல் ஆலோசகர், சீலியாக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். மீனா சொல்வது அவர் மகனுக்குப் பொருந்தும், எல்லாக் குழந்தைக்கும் அப்படியே வராது. ஆனால் ஒரு குழந்தை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் காட்டும் என்று பல தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் கண்டுபிடிப்பதற்கு முன் உங்கள் மகள் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பாருங்கள். அதே நடவடிக்கை திரும்பினால் அதற்கு மதிப்பு அதிகம்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வாந்தியும் வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலியும் வருவதானால் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வந்துவிடும். உப்பல், இளகிய மலம் அல்லது மலச்சிக்கல் அன்று இரவோ மறுநாளோ. சோர்வு, எரிச்சல், தூக்கக் கெடுதி சில நாட்கள் இழுக்கும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை "வயிறு" என்று சொல்லாது. முழங்காலை மார்போடு மடக்கிக்கொள்ளும், தரையில் விட்டால் அழும், பிடித்த சாப்பாட்டையே தள்ளிவிடும். கொஞ்சம் பெரிய குழந்தை குப்புறப் படுக்கும், உங்கள் மகள் படுப்பதைப்போல. "வலிக்குதா" என்று கேட்பதைவிட "எங்க கை வச்சா நல்லா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்துவிடும்.

மலத்தை வைத்து முடிவு செய்பவர்களுக்கு ஒன்று. வெளிறிய நிறம், அதிக அளவு, எண்ணெய்ப் பசை, தாங்க முடியாத நாற்றம், தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொள்வது: இது குடல் கொழுப்பை உறிஞ்சவில்லை என்பதற்கான அடையாளம். பல வாரங்களாகக் குடல் கெட்டிருந்தால்தான் இப்படி ஆகும். நேற்று ஒரு பிஸ்கட் சாப்பிட்டதால் இன்று இப்படிப் போகாது. இதைப் பார்த்தால், குளூட்டன் ரொம்ப நாளாக எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.

அறிகுறி எதுவுமே காட்டாத குழந்தைகளும் இருக்கிறார்கள். வயிறு சும்மா இருக்கும், உள்ளே குடலுறிஞ்சிகள் தேய்ந்துகொண்டிருக்கும். "அவ ஒரு பரோட்டா துண்டு சாப்பிட்டா, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லித் தளர்த்தும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். உயரம், எடை, ஹீமோகுளோபின், டிடிஜி (ரத்தத்தில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள்) அளவு இவைதான் அந்தக் குழந்தைகளுக்காகப் பேசும்.

திருச்சி ராமு:
யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள், அக்கறையில்தான் கேட்கிறேன். நாங்கள் பிள்ளைகளுக்கு ரஸ்க்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தோம். இப்படி ஒரு வியாதி கேள்விப்பட்டதில்லை. இப்போதைய கோதுமையில்தான் கோளாறு என்கிறார்களே, சம்பா கோதுமை பழைய ரகம்தானே, அதை முளைகட்டி அரைத்துக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதா?

துவாரகா அப்பா:
ராமு மாமா, அந்தச் சம்பா கோதுமை விஷயம் ஆபத்தானது, அதனால் முதலில் அதற்குப் பதில். சம்பா கோதுமையும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு. முளைகட்டினாலும் போகாது, வறுத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. நாட்டு ரகம் என்ற நம்பிக்கையில் சத்துமாவில் சேர்த்துக் கொடுத்துவிடப் போகிறார்கள், தயவுசெய்து யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

நோய் புதிது இல்லை மாமா. லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1888லேயே இதை எழுதிவைத்தார், குணமாக வேண்டுமானால் உணவால்தான் ஆகும் என்றும் சொன்னார். எந்த உணவு என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமையைச் சந்தேகித்து வந்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950ல் அவர் ஆய்வேடு வந்தது. நம் ஊரில் பேர் தெரியாததற்குக் காரணம் நாம் அரிசி சாப்பிடுபவர்கள் என்பதுதான். 2016ல் வெளிவந்த இந்திய ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இங்கேயும் இருக்கிறது, தட்டில் கோதுமைதான் குறைவு. இப்போது தமிழ்நாட்டு வீடுகளிலும் ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் பிரெட், நடுவில் பிஸ்கட் என்று மாறிவிட்டதே.

எங்கள் மகளுக்கு டெல்லியில்தான் தெரிந்தது. ரத்தசோகை, இரும்பு டானிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஏறவே இல்லை. இங்கே அதைக் கேட்டதும் டாக்டர் முதலில் எழுதியது டிடிஜி பரிசோதனை. ஊரில் விடுமுறைக்கு வந்தபோது காட்டிய இடத்தில் பூச்சி மருந்துதான் கொடுத்தார்கள்.

ஈரோடு புது அம்மா:
இதைப் படிக்கும்போது எனக்குப் பயம் வருகிறது. என் பையனுக்கு இரண்டரை வயது. வயிறு எப்பவும் பானை மாதிரி, கை கால் குச்சியாக இருக்கிறது, எடை ஏறவே மாட்டேன் என்கிறது. எந்த டெஸ்ட்டும் எடுத்ததில்லை. ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?

உணவியல் சுதா:
வேண்டாம் அம்மா. இந்த இழையை வேறு யார் படித்தாலும் இந்த ஒரு பதிலை மட்டுமாவது படித்துவிட வேண்டும். பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்.

ரத்தத்தில் பார்ப்பது குளூட்டன் உள்ளே போவதால் உடம்பு கிளப்பிவிட்ட எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்தினால் அது இறங்கத் தொடங்கும், குடலும் ஆறத் தொடங்கும். அப்புறம் எடுத்தால் "ஒன்றும் இல்லை" என்று வரும், ஆனால் நோய் இருக்கும். உறுதிப்படுத்த வேண்டுமானால், தேறிய குழந்தைக்குத் திரும்பவும் வாரக்கணக்கில் கோதுமை கொடுத்து நோயை வரவழைக்க வேண்டியிருக்கும். எந்தத் தாய்க்கும் அது தாங்காது. வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டிய பத்தியம் இது, ஊகத்தில் தொடங்கக் கூடாது.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போய் டிடிஜி ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ இரண்டையும் கேளுங்கள். சில குழந்தைகளுக்கு ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகை இயல்பிலேயே குறைவு. அவர்களுக்கு முதல் பரிசோதனை மட்டும் எடுத்தால் தவறாக நன்றாக இருப்பதுபோலக் காட்டும். டிடிஜி இயல்பு வரம்பைவிட 10 மடங்குக்கு மேல் இருந்து, இன்னொரு ரத்த மாதிரியில் இஎம்ஏ என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் பாசிட்டிவ் வந்தால், குழந்தைகளுக்குக் குடல் திசு எடுக்காமலேயே உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அது மருத்துவர் முடிவு. எடை ஏறாததற்குக் காசநோய், பூச்சி, பால் ஒவ்வாமை என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

ஸ்கார்பரோ தேவி:
நித்யா, என்ர மகனுக்கும் சீலியாக், இப்ப 9 வயசு. சின்னனிலை அவன் காட்டினது கோபம். அடிப்பான், கடிப்பான். டேகெயாரிலை பிள்ளை ஒருநாளும் இப்பிடி இல்லையே எண்டு சொல்லி அனுப்புவினம். அடுத்த நாள் கண்ணுக்குக் கீழை கறுத்து, முகம் வெளிறிப்போய் இருக்கும்.

எங்கட ஆக்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். இடியப்பம், புட்டு எண்டாலே அரிசிதானே எண்டு நினைச்சுக் குடுத்துப்போடாதேங்கோ. யாழ்ப்பாணத்துச் சமையலிலை அவிச்ச கோதுமை மா கலக்கிறது வழக்கம். இஞ்சை கடையளிலை விக்கிற வெள்ளை இடியப்பத்திலும் அந்த மா இருக்கும். கேட்டுத்தான் வாங்க வேணும். கனடாவிலை 2012இலை இருந்து பொதி செய்த சாப்பாட்டிலை குளூட்டன் வாற தானியத்தைப் பேர் சொல்லிப் போட வேணும், அது பெரிய உதவி. சாப்பாட்டுக்கடை இடியப்பத்திலை லேபிள் இல்லையே.

இன்னொண்டு. பள்ளிக்கூடத்திலை உருட்டி விளையாடுற கலர் மா இருக்கெல்லோ, அதுவும் கோதுமை மாதான். தின்னாட்டிலும் கையிலை இருந்து வாய்க்குப் போகும். அதையும் ஒருக்கா விசாரியுங்கோ.

கரூர் செல்வி:
பெருங்காயத்தை யாரும் சொல்லவில்லையே. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் தூளோ கட்டியோ, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா இருக்கும். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் போகிறது.

தாம்பரம் நித்யா:
செல்வி அக்கா, நன்றி. வீட்டில் ஆரம்பத்திலேயே மாவு சேராத பால் பெருங்காயத்துக்கு மாறிவிட்டோம், கொஞ்சம் கிள்ளி வெந்நீரில் கரைத்துப் போடுகிறேன். ஆனால் பாட்டி வீட்டில், கோயிலில் புளியோதரை என்று வெளியே சாப்பிடுகிறாள். அந்த ஒரு சிட்டிகையால் இப்படி ஆகுமா?

துவாரகா அப்பா:
நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், தோராயம்தான். அரை டீஸ்பூன் தூள் ஏறக்குறைய 1 கிராம். பாதி கோதுமை மாவு என்று வைத்தால் அரை கிராம். மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 50 மில்லிகிராம், அது முழுக் குழம்புக்கு. 5 பேர் சாப்பிட்டால் குழந்தை பங்குக்கு 10க்குள். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலோருக்குக் குடல் கெடுவதில்லை என்கிறார்கள். 2007ல் வந்த இத்தாலிய ஆய்வில் தினமும் 50 மில்லிகிராம் 3 மாதம் கொடுத்ததில் குடல் பாதித்தது. ஆகவே என்றைக்கோ ஒருநாள் புளியோதரை என்பது வேறு, தினமும் இரண்டு வேளை என்பது வேறு.

கோவை மீனா:
அண்ணா, கணக்கு சரியா இருக்கலாம். ஆனா யாரு வீட்ல எவ்வளவு போடறாங்கன்னு நமக்கு எப்படிங்க தெரியும்? கட்டிப் பெருங்காயத்த பாதி ஒடைச்சுப் போடற வீடெல்லாம் இருக்கு. எங்க வீட்டுல வெளிய சாம்பார், ரசம் கேக்காம ஊத்தறதே இல்லைங்க. பருப்பு, நெய், தயிர் போதும்.

உணவியல் சுதா:
மீனா பக்கம்தான் நானும். பெருங்காயம் தனியாக ஒரு குழந்தையைப் படுக்க வைப்பதைவிட, நாலைந்து சின்னச் சின்ன வழிகளில் ஒன்றாகச் சேர்ந்து நாளுக்கான அளவைத் தாண்ட வைப்பதே அதிகம். நான் அதிகம் கண்டுபிடிக்கும் காரணம் மாவு அரைக்கும் மில்தான். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போவார், அடுத்து உங்கள் ராகி விழும். மில்லின் கல்லிலும் குழாயிலும் இருந்ததெல்லாம் உங்கள் பையில் சேரும். ராகி, அரிசி, உளுந்து எதுவானாலும் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லி உண்டு, சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. ஓட்டல் தோசைக்கல்லில் ரவா தோசையும் கோதுமை தோசையும் ஊற்றிய கையோடு சாதா தோசை ஊற்றுவார்கள். நம் சட்டப்படி "குளூட்டன் இல்லாதது" என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த வரியைத் தேடி வாங்குங்கள்.

வேலூர் ஷமீமா:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். என் மகனுக்குக் கோதுமை அலர்ஜி, சீலியாக் இல்லை. ரெண்டையும் ஒண்ணா நினைக்கிறவங்க இருக்காங்க, அதனால எழுதறேன். இவனுக்கு ஒரு கடி பிரெட் போனாப் போதும், நிமிஷக் கணக்குல உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு, இருமல், மூச்சு இழுக்கும். சில மணி நேரம் வரைக்கும் பார்க்கலாம்னு காத்திருந்தா பிள்ளை கையை விட்டுப் போயிடும். மூச்சுத் திணறல், தடிப்பு, தொண்டை அடைப்பு வந்தா உடனே ஆஸ்பத்திரி. அட்ரினலின் ஊசி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா அதை முதல்ல போடணும்.

உணவியல் சுதா:
ஷமீமா சொன்னது மிக முக்கியம். சீலியாக் குழந்தைக்கு மூச்சுத் திணறல் குளூட்டனால் வராது. வந்தால் அது வேறு அவசரம்.

இன்னொரு குழப்பமும் வரும், வயிற்றுக் காய்ச்சல். காய்ச்சல் அடித்தால், வீட்டில் இன்னொருவருக்கும் வாந்தி பேதி இருந்தால், வகுப்பில் பலர் வராமல் இருந்தால், அது கிருமியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், குளூட்டன் மேல் பழி போடாதீர்கள். எதுவாக இருந்தாலும் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், கண் குழிந்து மந்தமாகக் கிடந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். உள்ளே போன குளூட்டனை வெளியேற்ற மருந்து கிடையாது. விற்கிற என்சைம் மாத்திரையை நம்பிக் கோதுமை கொடுக்கவும் கூடாது.

தாம்பரம் நித்யா:
தேவி அக்கா சொன்னதை வைத்து ஸ்கூலில் விசாரித்தேன். இந்த டெர்மில் இருந்து வாரத்தில் பல நாள் மாவு உருட்டி விளையாட்டு வைக்கிறார்களாம். மைதா, உப்பு, எண்ணெய், கலர் சேர்த்து மிஸ்ஸே பிசைந்து கொண்டு வருகிறார். என் மகளுக்கு நகம் கடிக்கும் பழக்கம். நகத்துக்குள் பச்சையும் மஞ்சளுமாக அந்த மாவு காய்ந்து ஒட்டியிருப்பதை நானே குளிப்பாட்டும்போது பார்த்திருக்கிறேன், பெயிண்ட் என்றுதான் அவள் சொன்னாள். மிஸ் நல்லவர். கேட்டதும் அரிசி மாவில் செய்ய ஒப்புக்கொண்டார், வகுப்பு முழுக்கவே அதுதான் என்று சொல்லிவிட்டார்.

அது மட்டும்தான் காரணமா என்று இன்னும் தெரியவில்லை. நடுவில் தூக்கம் பரவாயில்லை, சாயங்கால அழுகை குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் பக்கத்து பெஞ்சில் டிபன் பாக்ஸ் பகிர்வதும் நடக்கிறது. உடனே டிடிஜி எடுத்துப் பார்த்துவிடலாமா?

உணவியல் சுதா:
வாரங்களில் அது மாறிக் காட்டாது. மாதக்கணக்கில்தான் ஏறும், இறங்கும். சிகிச்சை தொடங்கிய பின் இயல்புக்கு வரவே பல குழந்தைகளுக்கு ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அடுத்த மறுபரிசோதனை எப்போது என்று பாருங்கள், பழைய அளவோடு ஒப்பிடுங்கள். இறங்கி வந்தது ஏறியிருந்தால் எங்கிருந்தோ வருகிறது. அதுவரை ஒரு நோட்டில் சாப்பிட்டது, தூக்கம், மலம், மனநிலை நான்கையும் தேதி போட்டு எழுதுங்கள். பள்ளி இல்லாத நாட்களும் பள்ளி நாட்களும் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள், உங்களுக்கு அதுதான் நல்ல சாட்சி.

மதுரை ஆசிரியை:
அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் இதையும் மனதில் வையுங்கள். 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் வாரத்தின் பல நாளில் ரவை, சேமியா, கோதுமை ரவை வகைதான் இருக்கும். பொங்கல் நாளில்கூடச் சாம்பாரைக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும். அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை உண்டு. மருத்துவர் சீட்டை எங்களிடம் கொடுத்து, வீட்டிலிருந்து டிபன் கொண்டு வருகிறாள் என்று சொல்லிவிட்டால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். குழந்தையைத் தனியே உட்கார வைக்க வேண்டாம் என்று கேளுங்கள். கூடவே உட்கார்ந்து தன் டப்பாவில் சாப்பிடலாம், கை கழுவுவதை மட்டும் நாங்கள் கவனித்தால் போதும்.

தாம்பரம் நித்யா:
மிக்க நன்றி டீச்சர். கடைசியாக ஒன்று. தம்பிக்கு 3 வயது முடிகிறது. அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாக வளர்கிறான். வெளியே பிஸ்கட், பிரெட் சாப்பிடுவான். அவனுக்கும் பார்க்க வேண்டுமா?

உணவியல் சுதா:
பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு அருகில் இருக்க வாய்ப்பு, பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டிடிஜி, மொத்த ஐஜிஏ எடுங்கள். வீட்டில் கோதுமை இல்லை என்றீர்கள், அதனால் பரிசோதனைக்கு முன் அவன் தினமும் சாப்பிடும் அளவு போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தமாக வந்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். மரபணுப் பரிசோதனையில் நோய்க்கு இடம்கொடுக்கும் டிக்யூ2, டிக்யூ8 வகைகள் இரண்டுமே இல்லை என்று வந்துவிட்டால் அநேகமாக அவனுக்கு மேற்கொண்டு தேவையில்லை. நீங்களும் உங்கள் கணவரும் அதே நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஈரோடு புது அம்மா:
சுதா மேடம், நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். இரண்டு டெஸ்ட் பேரையும் சீட்டில் எழுதி வைத்துவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் கூட்டிப் போக வேண்டுமா?

உணவியல் சுதா:
இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட வைத்தே கூட்டிப் போங்கள், வழக்கமாகக் கொடுப்பதையே கொடுங்கள்.